தடைக்காலம்

ஐஸ் பார் நிறுக்கும் மேடையில்
செருப்பை விட்டுவிட்டு ஏறுகிறேன்,
காலை ஐந்தே முக்கால், மேஸ்திரி வருமுன்.
முள் நடுங்கி நிற்கிறது: எண்பத்து மூன்று.
ஒன்றரைப் பாரும் ஒரு கூடைச் சில்லும்.
ஐஸாக இருந்தால்
மத்தியானத்துக்குள் உருகித் தொலைந்திருக்கும்.

போன வருஷம் இதே மேடையில் எழுபது.
அதற்கு முன் எண்பது.
கூட்டல் கழித்தல் தெரியாதவள் இல்லை நான்,
பதினாறு வருஷமாய் இங்கே அதுதான் வேலை.
பத்து இறங்கிப் பதின்மூன்று ஏறுவதை
எந்தப் பேரேட்டில் எழுத?

கல்மண்டபத்து மாடி அறையில்
ஷேக் கலக்கித் தரும் ஷர்மிளா மேடம்
என்னைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.
இடப்பக்கம் முன். வலப்பக்கம் பின்.
பின்னுக்குப் பின்
யாரும் படம் எடுப்பதில்லை.
இப்போதெல்லாம் ஒரு தெரு சுற்றித்தான் போகிறேன்,
அந்த மெலிந்தவள்
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று.

என்ன செய்யவில்லை?
கொள்ளுத் தண்ணி. வெறும் முட்டை.
ஆறு மணிக்கு மேல் வாய்க்குப் பூட்டு.
சோற்றைக் கண்டால்
கடன்காரனைக் கண்டதுபோல் முகம் திருப்பினேன்.
முதல் மாசம் ஆறு கிலோ, காசிமேடே விசாரித்தது.
அடுத்த மாசம் மூன்று.
அதற்கடுத்து ஒன்று.
நாலாம் மாசம் அதே பட்டினி, முள் அசையவில்லை.
விரல் சில்லிட்டது, ஐஸ் கம்பெனியால் அல்ல.
படி ஏறினால் கண் இருட்டியது.
ராத்திரி பக்கத்து வீட்டு நெத்திலி வறுவல்
தலையணை வரை வந்து
பேர் சொல்லிக் கூப்பிட்டது.

சித்திரை பிறந்ததும்
சூசைநாதன் போகும் படகைக் கட்டிவிடுவார்கள்.
அறுபத்தொரு நாள்.
வீட்டில் ஒரு ஃபேன்தான் ஓடும்.
எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டி வழித்தெடுப்போம்.
கம்மல் சேட்டுக் கடைக்குப் போகும்.
வரும்படி நின்ற வீடு செத்துப்போவதில்லை.
சுருண்டு படுத்துக்
காத்திருக்கும்.

என் உடம்பும் அதைத்தான் செய்திருக்கிறது.
அழகுக்காகக் கிடந்த பட்டினி என்று
யார் போய் அதற்குச் சொல்வது?
படகைக் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தது.
ஒவ்வொரு விளக்காய் அணைத்தது.
பசியை வாசலில் காவலுக்கு வைத்தது.

தடை எதற்கென்று
இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்:
மீன் பெருகத்தான்.

தடை விலகிய ராத்திரி
அத்தனை இஞ்சினும் ஒன்றாய் உறுமிப் போனது.
நானும் போனேன், வியாசர்பாடி அத்தோ கடைக்கு.
ஒரு பிளேட் என்றுதான் போனேன்.
கடைப் பையன் கேட்காமலே
முட்டையைப் பிளந்து வெங்காயம் திணித்து நீட்டினான்.
பூண்டெண்ணெய் முழங்கை வரை வழிந்தது.
எத்தனையாவது பிளேட் என்று
அந்தக் கணக்கை மட்டும் நான் எழுதவில்லை.

மன உறுதி போதாது என்றார் ஷர்மிளா மேடம் போனில்.
மன உறுதி!
புருஷனை அலைக்கு அனுப்பிவிட்டு
விடியுமுன் ஐஸ் நிறுக்க வருகிறவளிடம்.

எம்.சி. ரோட்டுப் பின்சந்தில் ஜிலானி டெய்லர்.
போன வருஷம் நீலச் சுடிதாரை
ரெண்டு பக்கமும் பிடித்துத் தந்தவர்.
இன்றைக்கு நீட்டியபோது ஒன்றும் கேட்கவில்லை,
உள்பக்கம் திருப்பிக் காட்டினார்.
"வெட்டலம்மா. மடிச்சுத்தான் வச்சிருக்கேன்.
யாருக்குமே வெட்டுறதில்ல."
எல்லாரும் திரும்பி வருவார்களா என்றேன்.
நூலைப் பல்லில் கடித்து அறுத்தார்.

தையல் பிரிந்த இடத்தில்
விரல் அகலத்துக்கு வெயில் படாத நீலம்.
மற்றதெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்திருக்க
அது மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடி.

போட்டுக்கொண்டேன். மூச்சு விட முடிகிறது.
ஊசி போன ஓட்டைகள் வரிசையாய்த் தெரிகின்றன,
தெரியட்டும்.
நாளைக் காலையில் மேடையில்
ஐஸை மட்டும் நிறுத்துவிட்டு வர முடிகிறதா
பார்க்கிறேன்.